நூல் கட்டின சுருட்டு

நாலு ரூபாய் பதினோரு அணா. ஃபாத்திமா கடைக்குப் பச்சைமுத்து தரவேண்டிய பாக்கி அது. அத்தனையும் சுருட்டு வாங்கின கணக்கு. அதில் ஒன்றைக்கூட அவர் வாயில் வைத்தது கிடையாது.

"இன்னிக்கோட சேர்த்து நாலு பதினொண்ணு அண்ணே," என்று சுருட்டை நீட்டினாள் ஃபாத்திமா. கணக்கை அவள் எதிலும் எழுதமாட்டாள். நாக்கு நுனியிலேயே வைத்திருப்பாள்.

"இன்னிக்கு சனிக்கிழமை, சம்பளம். சாயங்காலம் பார்க்கலாம்மா."

"நான் கேக்கலியே. சொன்னேன், அவ்ளோதான்."

பச்சைமுத்து சுருட்டை விரலில் உருட்டிப் பார்த்தார். மேல் இலை பிரிந்து நுனியில் தொங்கியது. "இன்னாம்மா இது, உன் சரக்கு வரவர இளைச்சுக்கினே போவுது. காசு மட்டும் அதே ஓரணாவா?"

"உங்களுக்குன்னே எடுத்து வெச்சது அண்ணே. தண்ணி தொட்டு ஒட்டிக்குங்க," என்று சொல்லிவிட்டு, அவள் வெற்றிலைக் கட்டுக்குத் தண்ணீர் தெளிக்கத் திரும்பிக்கொண்டாள்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் திரும்புகிற முனையில் அவளுடைய பெட்டிக்கடை. அணா போய் நயா பைசா வருவதற்கு இன்னும் ரெண்டு வருஷம் இருந்த காலம். ஸ்ரீராம்புரத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி நடந்து வருகிற பச்சைமுத்து, கார்ப்பரேஷன் ரோட்டு வேலைக்குப் போகிற வழியில் அங்கே ஒரு சுருட்டு வாங்குவார். வாங்கி, மடியில் செருகி, ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சந்து முனையில் நிற்கிற பழைய கல்லின் பொந்தில் வைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் அவருடைய சிநேகிதர் சில்வெஸ்டர் ஜெபமாலை சொல்லக் கோயிலுக்குப் போகிறபோது அதை எடுத்துக்கொள்வார். ஏற்பாடு இவ்வளவுதான். இந்த ஏற்பாட்டை எப்படிக் கெடுப்பது என்று உட்கார்ந்து யோசித்தாலும் கெடுக்க முடியாது. ஆனால் பச்சைமுத்து அதைச் சரி செய்யப் போனார்.

சில்வெஸ்டருக்குச் சுருட்டு வைக்கவேண்டிய அவசியம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரெண்டு பேரும் ஒரே மில்லில் இருந்தவர்கள். பச்சைமுத்து பஞ்சுப் பொதி தூக்கினார், சில்வெஸ்டர் கேட்டில் ஆள் கணக்குப் பார்த்தார். ஒரு வருஷம் மில்லைப் பூட்டிவிட்டார்கள். பொதி தூக்குகிறவனுக்குக் கூலி இல்லை, கேட்டில் உட்காருகிறவனுக்கு மட்டும் பாதிச் சம்பளம். அத்தனை மாசமும் சில்வெஸ்டர் தான் வாங்குகிற ஒற்றைச் சுருட்டைப் பேனாக்கத்தியால் வெட்டி, வாய் வைக்கிற பக்கத்துத் துண்டை இவர் கையில் கொடுத்துவிட்டு, தான் பிரிந்துபோகிற துண்டைப் புகைத்து, புகையிலைத் தூளைத் துப்பிக்கொண்டிருந்தார். சோறு கொடுத்தவர்களை மறந்துவிடுகிறவன்கூட அந்தத் துண்டை மறக்கமாட்டான்.

இப்போது சில்வெஸ்டரின் மனைவி பெர்னதெத் காலமாகிவிட்டாள். வேலையிலிருந்தும் நின்றாயிற்று. மகள் டோரீன் வீட்டில் வந்து இருக்கிறார். மாப்பிள்ளை ஓஸ்வால்ட் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனுஷன்தான், மூக்குதான் பொல்லாதது.

"பப்பா, சாப்பிடுங்க, தூங்குங்க, உங்க வீடு மாதிரி இருங்க," என்றாராம் வந்த அன்றைக்கே. "ஆனா என் வீட்டு ஸ்க்ரீன்ல ஒரு நாள் சுருட்டு வாடை வந்தாலும் சரி, நேரா சிஸ்டர்ங்க நடத்தற முதியோர் இல்லந்தான். அங்க நான் பேசி வெச்சுட்டேன்."

மாமனார் கையில் காசு கொடுப்பதும் நின்றுபோயிற்று. இதைக் கேட்ட பச்சைமுத்து அன்றைக்கு ராச்சோறு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளே ஏற்பாடு ஆரம்பமாகிவிட்டது. ரெண்டு சுருட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே தன்னுடையதை நிறுத்திவிட்டார். அதைச் சில்வெஸ்டரிடம் சொல்லவில்லை.

முதல் கோளாறு அய்யாவு. அய்யாவு கூட வேலை செய்கிற பையன் வயசு ஆள், கண்ணில் பட்டதெல்லாம் தனக்குத்தான் என்று நினைக்கிறவன். பொந்தில் சுருட்டைப் பார்த்தான், எடுத்தான், பற்றவைத்தான். அடுத்தடுத்து ரெண்டு நாள் அப்படி ஆயிற்று. கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். ஓஸ்வால்ட் காதுக்குப் போய்விடும். பச்சைமுத்து யோசித்தார். வீட்டுச் சிமிழிலிருந்து ஒரு சிட்டிகை குங்குமம் எடுத்துவந்து கல்லின் நெற்றியில் தீற்றிவிட்டார். சாமி பொருளை எவன் தொடுவான்?

அய்யாவு மறுநாள் கல்லைப் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது. கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டான்.

"மாமா, இது முனீஸ்வரன் கல்லு மாமா. நான் அவரு சுருட்டையே ரெண்டு நாளா குடிச்சுட்டேன்."

"சரி விடு. இனிமே தொடாத."

"விடறதா? ராத்திரி வயித்த வலிச்சுது மாமா. இப்பத்தான் தெரியுது ஏன்னு."

அன்றைக்குச் சாயங்காலமே சொந்தக் காசில் ரெண்டு சுருட்டும் ஒரு எலுமிச்சம்பழமும் வாங்கிவந்து கல்லுக்கு முன்னால் வைத்து, விழுந்து கும்பிட்டான். அதை மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுபோகிற லட்சுமம்மா பார்த்தாள். அவள் ஒரு முழம் சாமந்தி வைத்தாள். பூ இருக்கிற கல்லுக்கு விளக்கு வராமல் இருக்குமா? விளக்கு வந்தது. விளக்கு இருக்கிற இடத்துக்கு லட்சுமம்மா கூடையோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு மாசத்தில் அந்தச் சந்துக்கு 'சுருட்டு முனி சந்து' என்று பெயர் ஆகிவிட்டது. காலையில் பச்சைமுத்து வருகிறபோது கல்லுக்கு முன்னால் சுருட்டுகள் விறகு மாதிரி அடுக்கியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை முடிந்து, கோயில் வாசலில் சில்வெஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முத்து, இதோட விட்டுடுடா. நான் ஆர்.சி. குங்குமம் வெச்ச கல்லுலேர்ந்து நான் எப்படிடா கை போட்டு எடுக்கறது?"

"நீ எடுக்கறது முனியோடது இல்ல சில்வி. உனக்குன்னு நான் வெக்கறது."

"எது என்னுது, எது முனியோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பேசாம நிறுத்திடு. எனக்கு அதுல ஆசையே இல்ல இப்ப."

"கோயில் வாசல்ல நின்னுக்கினு பொய் சொல்றான் பாரு இவன்."

சில்வெஸ்டர் கிட்டே வந்து மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். அப்புறம், "நீ புடிக்கிறியாடா?" என்று கேட்டார்.

"புடிக்காம? இப்பத்தான் ஒண்ணு புடிச்சுட்டு வந்தேன்."

"அப்படியா," என்றார் சில்வெஸ்டர்.

எது யாருடையது என்பதுதானே கஷ்டம்? அதைத் தீர்த்துவிடலாம் என்று பச்சைமுத்து மறுநாள் சுருட்டின் இடுப்பில் வெள்ளை நூல் ஒன்றைச் சுற்றிக் கட்டினார். நூல் கட்டினது சில்வெஸ்டருக்கு, கட்டாதது முனிக்கு.

வீட்டில் வள்ளியம்மா மட்டும் ஒருமாதிரியாகப் பார்த்தாள். "சிமிழ்ல குங்குமம் குறையுது. ஊசிலேர்ந்து நூலை உருவிக்கினு போற. முப்பது வருஷமா உன்மேல வீசின சுருட்டு வாடையும் காணோம். யாருக்காக இந்த அலங்காரம்? அவ பேரு இன்னா?"

"சில்வெஸ்டர்," என்றார் பச்சைமுத்து.

"கவுன் போடற சட்டைக்காரியா?" என்றாள் வள்ளியம்மா. விளக்கிச் சொல்லி அவளை நம்பவைப்பதற்குள் அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

நூலின் கதை ரெண்டு நாள்தான். மூன்றாம் நாள் கல்லுக்கு முன்னால் இருந்த அத்தனை சுருட்டுக்கும் இடுப்பில் வெள்ளை நூல். லட்சுமம்மா கூடையில் பூப்பந்துக்குப் பக்கத்தில் நூல்கண்டு உட்கார்ந்திருந்தது.

"நூல் சுத்தினாத்தான் முனிக்கு இஷ்டம்," என்றாள் அவள். "யாரோ பெரிய பக்தர் மொதல்ல கட்டி வெச்சாரு. உங்களுக்கும் ஒண்ணு கட்டித் தரவா? காலணா."

சரி, முன்பக்கம் வேண்டாம் என்று கல்லுக்குப் பின்னால் இருந்த இன்னொரு பொந்துக்கு மாறினார். கல்லைச் சுற்றி வந்தவர்கள் பின்னால் ஒரு சுருட்டு இருப்பதைப் பார்த்தார்கள். சாயங்காலம் அது இல்லாமல் போவதையும் பார்த்தார்கள். முன்னால் வைப்பதை முனி தொடுவதில்லை, பின்னால் வைப்பதைத்தான் எடுத்துக்கொள்கிறார் என்று லட்சுமம்மா எல்லாருக்கும் சொன்னாள். கூட்டம் பின்பக்கம் போயிற்று.

இத்தனை சுருட்டுக்கு நடுவில் தன்னுடையதை எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று பச்சைமுத்து கேட்டபோது, சில்வெஸ்டர் சிரித்தார். "உன் சுருட்டு எனக்குத் தெரியாதாடா? ஆயிரத்துலயும் கண்டுபுடிச்சுடுவேன். அது இருக்கட்டும், நான் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட இன்னான்னு சொல்றது? முனி கோயில்ல தினம் திருடறேன்னா? நிறுத்துடா முத்து. உனக்குப் புண்ணியமாப் போவும்."

பாவம், மனசு உறுத்துகிறது என்று பச்சைமுத்து இளகிப்போனார். நேற்று வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில், ரோட்டோரத்துக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்பு வாளியில் விரலைத் தோய்த்து, கல்லின் பின்பக்கத்தில் பொந்துக்கு மேலே ஒரு சிலுவை போட்டுவிட்டார். இனி முன்பக்கம் முனிக்கு, பின்பக்கம் மாதாவுக்கு. சில்வெஸ்டர் தைரியமாகக் கை வைக்கலாம்.

குனிந்துகொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போட்ட சிலுவை. நேராக வரவில்லை. சாய்ந்துவிட்டது.

அது எவ்வளவு சாய்ந்துவிட்டது என்பது இன்றைக்குச் சனிக்கிழமை காலை, பிரிந்த இலையைத் தண்ணீர் தொட்டு ஒட்டிய சுருட்டோடு அவர் கல்லடிக்கு வந்தபோதுதான் தெரிந்தது. கன்னடத்துக்காரர் ஓவர்சியர் கிருஷ்ணப்பா சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கல்லுக்குப் பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏ பச்சைமுத்து, இல்லி பா, இங்க வா. இந்த மார்க்கை யாரு ஹாக்கித்து?"

பச்சைமுத்து பார்த்தார். சிலுவை இல்லை அது. பெருக்கல் குறி. கார்ப்பரேஷன் ரோட்டு வேலையில் மரமோ கல்லோ கம்பமோ, சுண்ணாம்பில் பெருக்கல் குறி போட்டிருந்தால் ஒரே அர்த்தந்தான். தோண்டி எறி. அவரே தன் கையால் எத்தனையோ தோண்டியிருக்கிறார்.

"யாரோ பசங்க கிறுக்கியிருப்பாங்க சார்."

"பசங்களுக்கு சுண்ணா எங்கிந்து வரும்? இது நம்ம பக்கெட் சுண்ணா. எஞ்சினியர் சாஹேபரு நேத்து சாயங்காலம் இந்தப் பக்கம் பந்தாரு. அவருதான் ஹாக்கிருக்காரு. ரோடு அகலம் பண்ண வேணும் அல்லவா?" கிருஷ்ணப்பா எழுந்து நின்றார். "ஹாரே தொகோ. கடப்பாரை எடு. நீதான் கைகாரன், நீயே தோண்டு."

அந்தக் கல் போனால் பொந்து போயிற்று. பொந்து போனால் சில்வெஸ்டருக்கு அந்த ஒரு சுருட்டும் போயிற்று. நான்தான் போட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் போட்டாய் என்று கேள்வி வரும். கேள்விக்குப் பின்னாலேயே ஓஸ்வால்ட் வருவார். பச்சைமுத்து கடப்பாரையைக் கையில் எடுத்து, அது கனமாக இருப்பதுபோல் கீழே வைத்தார்.

காப்பாற்றினது லட்சுமம்மா. கூடையைத் தூக்கிக் கல்லுக்கும் கடப்பாரைக்கும் நடுவில் வைத்து, அதற்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல்ல என்னைத் தோண்டு."

"லட்சுமம்மா, ஏளு, எழுந்திரு. இது சர்க்காரி வேலை."

"முனி ஜீவனோட இருக்காரு ஓவர்சியரே. பின்னால வெக்கிற சுருட்டு தினம் விளக்கு வெக்கிறதுக்குள்ள காணாம போவுது. மனுஷன் யாரும் எடுத்து நான் பார்த்ததில்ல. அந்த நேரத்துக்கு நான் தண்ணி எடுக்கப் போயிடுவேன். உங்க வீட்ல ரெண்டு பொண்ணு இருக்குதில்ல? யோசிச்சுக்குங்க."

கிருஷ்ணப்பாவின் கை தானாகவே தொப்பியை எடுத்துவிட்டது. கொஞ்ச நேரம் தலையைத் தடவினார். கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். சாயங்காலம் வரை பொறுப்பது. பின்பக்கப் பொந்தில் ஒரே ஒரு சுருட்டு வைப்பது. எல்லாரும் மறைந்திருந்து பார்ப்பது. முனி எடுத்தால் கல் இருக்கட்டும், எஞ்சினியருக்கு அவர் பதில் சொல்லிக்கொள்வார். எடுக்காவிட்டால் தோண்டிவிடுவது. மனுஷன் எவனாவது எடுத்தால் அவனைப் பிடித்துப் போலீசில் கொடுத்துவிட்டுத் தோண்டுவது.

"சுருட்டு யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

எல்லாரும் மடியைத் தடவினார்கள். பச்சைமுத்துவிடம்தான் இருந்தது. நூல்கூடக் கட்டித் தயாராக இருந்தது. லட்சுமம்மா அவரை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தாள்.

அன்றைக்குப் பூராவும் பச்சைமுத்துவுக்குக் கை எங்கே, கல் எங்கே என்று தெரியவில்லை. ஜல்லியைக் கொட்டச் சொன்னால் தாரைக் கொட்டினார். சில்வெஸ்டருக்கு ஆள் அனுப்பலாம் என்றால் அந்த வீட்டு வாசலில் போய் எவன் என்ன சொல்வது? இடைவேளையில் தானே அந்தத் தெருப்பக்கம் போய் நின்றார். ஜன்னலில் டோரீன் தெரிந்தாள். "என்ன வேணும்?" என்று கேட்டாள். "குடிக்கத் தண்ணி," என்றார். கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

வெயில் தணிந்த நேரத்தில் எல்லாரும் எதிரே இருந்த பங்களா காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் குந்தினார்கள். கிருஷ்ணப்பா, லட்சுமம்மா, அய்யாவு, பச்சைமுத்து, வேலையாட்கள் சிலர். கல்லுக்கு முன்னால் லட்சுமம்மா முன்கூட்டியே ஏற்றிய விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை.

அந்த நேரம் பார்த்து சைக்கிளில் வந்தவர் ஓஸ்வால்ட்.

"என்ன இங்க கூட்டம்?"

"ஷ்," என்று அவரைச் சைக்கிளோடு சுவருக்குப் பின்னால் இழுத்தார் கிருஷ்ணப்பா. "குந்துங்க மாஸ்டரே. முனி சுருட்டு எடுக்க வரப்போறாரு."

ஓஸ்வால்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுருட்டா? முனியாவது ஒண்ணாவது. யாராவது திருட்டுக் கிழவன் எடுத்துக்கிட்டுப் போவான். பார்த்துட்டே போறேன். திங்கட்கிழமை கிளாஸ்ல பிள்ளைங்களுக்குச் சொல்லலாம்." கால்சட்டை முழங்காலைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சரியாகப் பச்சைமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சந்தின் அந்தக் கோடியில் கறுப்புக் கோட்டும் குடையும் தெரிந்தது. சில்வெஸ்டர். ஜெபமாலையை விரலில் உருட்டிக்கொண்டு, ஆள் யாரும் இல்லை என்ற நிம்மதியில், மெள்ள மெள்ளக் கல்லைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

"அதோ ஒரு கிழவன் வரான் பாருங்க," என்றார் ஓஸ்வால்ட் மெல்லிய குரலில். அவருக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "நான் சொன்னேனா இல்லையா?"

கண்ணாடி துடைக்கிற நேரந்தான் பச்சைமுத்துவுக்கு மிச்சம் இருந்தது. சில்வெஸ்டர் எடுத்தால் முதியோர் இல்லம், போலீஸ், ரெண்டும். எடுக்காமல் போனால் கல் போய்விடும். அவர் யோசித்தார் என்று சொல்ல முடியாது. கால் யோசித்தது. சுவரில் கை ஊன்றி ஒரே தாவாகத் தாவி, ரோட்டைக் கடந்து ஓடி, பொந்தில் கைவிட்டுச் சுருட்டை எடுத்தார். நூலைப் பிய்த்து எறிந்தார். சுருட்டை வாயில் வைத்து, குனிந்து, விளக்குச் சுடரில் பற்றவைத்து, நெஞ்சு நிறைய ஒரு இழுப்பு இழுத்தார்.

மூன்று மாசமாகப் புகை காணாத நெஞ்சு. அதுவும் அந்தச் சுருட்டு காய்ந்து மிளகாய் மாதிரி இருந்தது. புகை உச்சந்தலைக்குப் போய் முட்டியது. கண் ரெண்டும் சிவந்து வெளியே வந்தன. இருமல் பிடித்துக்கொண்டது. இருமிக்கொண்டே தள்ளாடினார், கல்லைப் பிடித்தார், உடம்பெல்லாம் உதறியது, கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது.

"வந்துட்டாரு," என்றாள் லட்சுமம்மா. "ஆள்மேல வந்துட்டாரு."

சுவருக்குப் பின்னாலிருந்து எல்லாரும் எழுந்து ஓடிவந்தார்கள். அய்யாவு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கிருஷ்ணப்பா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை கூப்பினார்.

"ஸ்வாமி, தப்பாய்த்து. கல்லை நான் தொடல்ல. ரோடை வளைச்சு ஹாக்கிடறேன்."

'ஐயா, எனக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் தண்ணி கொடுங்கள்' என்று சொல்லத்தான் பச்சைமுத்து கையை நீட்டினார். இருமலில் பேச்சு வரவில்லை. நீட்டின கைக்குக் கீழே கிருஷ்ணப்பா தலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஆசீர்வாதம் ஆகிவிட்டது. "பெரிய பொண்ணுக்கு இந்த வருஷம் கல்யாணம் ஆயிடுமா ஸ்வாமி?" என்று கேட்டார். பச்சைமுத்து இருமினார். "ஆயிடும்கறாரு," என்றாள் லட்சுமம்மா.

புகைக்கு நடுவில் பச்சைமுத்து சில்வெஸ்டரைத் தேடினார். நாலடி தள்ளி, குடையை ஊன்றிக்கொண்டு, அடித்துவைத்த சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவர் ஓஸ்வால்டைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்க்கவில்லை. எரிகிற சுருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, பத்த வெச்சுட்டானே," என்று அவர் வாய் முணுமுணுத்தது.

பச்சைமுத்துவுக்கு மனசு சங்கடமாகப் போய்விட்டது. பாவம், நாள் பூராவும் காத்திருந்து வந்த மனுஷன். கண் முன்னாலேயே நான் குடித்துவிட்டேன்.

"பப்பா, நீங்க எங்க இங்க?" ஓஸ்வால்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். "கோயிலுக்கா? இந்தக் கூட்டத்துல நிக்காதீங்க, தள்ளிவிட்டுடுவாங்க. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்." மூக்கைச் சுளித்தார். "சே, என்ன நாத்தம். உங்க கோட்ல ஏறிடப்போவுது."

ஒரு கையில் சைக்கிள், மறு கையில் மாமனார். அவரைப் பதனமாகத்தான் நடத்திக்கொண்டு போனார். சில்வெஸ்டர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கல் நின்றுவிட்டது. கிருஷ்ணப்பா அங்கேயே சுண்ணாம்பு வாளியைக் கொண்டுவரச் சொல்லி, கல்லைச் சுற்றி ரோடு எப்படி வளையவேண்டும் என்று தன் கையாலேயே கோடு போட்டார். இனி காலையிலும் சாயங்காலமும் கல்லடியில் ஆள் இருக்கும் என்றும், பூசைக்கு ஒருவர் வேண்டும் என்றும், அது பச்சைமுத்துதான் என்றும் லட்சுமம்மா சொன்னாள். யாரோ தட்டில் சில்லறை போட்டார்கள். பச்சைமுத்து தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, சம்பளத்தை வாங்கிக்கொண்டு நடந்தார்.

கல்லைக் காப்பாற்றியாகிவிட்டது. ஆனால் இனிமேல் சில்வெஸ்டர் அந்தப் பக்கம் எப்படி வருவார்? நாலு பேர் கண்ணுக்கு நடுவில் பொந்தில் கை விடுவாரா? எந்தச் சுருட்டுக்காக இத்தனை பாடு பட்டாரோ, அது இன்றோடு முடிந்தது. மில்லைப் பூட்டியிருந்த காலத்துக் கணக்கைத் திருப்பிக் கட்டவே முடியாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே வந்தார். ஃபாத்திமா கணக்கையாவது கட்டிவிடலாம். கட்டினால் வாரச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும், வள்ளியம்மா மறுபடியும் அவள் பெயர் என்ன என்று கேட்பாள். கேட்கட்டும்.

கடையில் ஃபாத்திமா விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணிக்கோம்மா, நாலு பதினொண்ணு. இனிமே எனக்கு சுருட்டு வேணாம்."

அவள் காசைத் தொடவில்லை. மூக்கை உயர்த்தி அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, சுருட்டு புடிச்சீங்களா?"

"புடிக்கும்படி ஆயிடுச்சு."

"காலைல என்கிட்ட வாங்கினதையா?"

"வேற எது? அதைத்தான்."

"பூராவுமா?"

"அடி வரைக்கும். உன் சரக்கைப் பத்தி நான் இன்னா சொல்றது, இன்னும் நெஞ்சு எரியுது."

ஃபாத்திமா பெருமூச்சு விட்டாள். காசுக் குவியலிலிருந்து மூன்று அணாவை மட்டும் எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு, மீதியை அவர் பக்கம் தள்ளினாள்.

"இன்னாம்மா இது? மீதி?"

"மீதி எல்லாம் அப்பப்பவே அடைஞ்சுபோச்சு அண்ணே."

"யாரு வந்து கட்டினது?"

"காசு யாரும் கட்டல. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு, நான் இன்னா சாதின்னுகூட யோசிக்காம, மாதா மேல சத்தியம் வாங்கிக்கினாரு அந்த சில்வெஸ்டர் ஐயா."

"எதைச் சொல்லக்கூடாதுன்னு?"

"நீங்க புடிக்காம அவருக்கு வெக்கிறீங்கன்னு அவருக்கு ஆரம்பத்துலயே தெரியும், தினம் சாயங்காலம் நேரா இங்க வந்து, நூலை அவுத்து, சுருட்டைத் திருப்பிக் குடுத்து, முத்து கணக்குல ஓரணா கழிச்சுக்கோன்னுட்டுப் போவாரு, மறுநாள் காலைல நான் அதையே எடுத்து உங்க கைல குடுப்பேன் — நடுவுல எவனோ எடுத்துட்ட அந்த ரெண்டு போக, மூணு மாசமா நீங்க வாங்கினது மொத்தம் ஒரே சுருட்டுதாண்ணே."